கூழ்ப் பாத்திரத்தின் மூடி

லாஸ் வேகஸ்
மார்ச் 6, 1994

அன்புள்ள கமுவேலா அண்ணா,

எட்டு வருடம் கழித்து உன் தங்கை எழுதுகிறேன். உலுவேஹி அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? கடிதத்தைக் கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

போன மாதம் நான் நம் ஓவாஹுத் தீவுக்கு வந்திருந்தேன். என்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்கள், "உன் ஊர்தானே, நீயே சுத்திக் காட்டு" என்று விடுமுறைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். நாலாம் நாள் சாயங்காலம் கடற்கரை ஹோட்டலில் லூவாவ் விருந்து. கழுத்தில் சிப்பி மாலை, கையில் அன்னாசிச் சாறு, பதினாலாம் எண் மேஜை. குழியடுப்பைத் திறக்கப்போகிறார்கள் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், மண்ணைத் தள்ளி, வாழைத்தண்டை விலக்கி, ஆவி பறக்கும் பன்றியைத் தூக்கிக்கொண்டு நீ நிற்கிறாய். உனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற டொலோரஸ், "அந்த ஆள் உன்னையே பாக்குறாரே, தெரிஞ்சவரா?" என்றாள். "இல்லையே" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா சாவுக்குத்தான் வரவில்லை, இப்போது உன்னையும் தெரியாது என்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்க முகமில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மோமி


வையனாய், ஓவாஹு
மார்ச் 19, 1994

மோமி,

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா? குழிப்பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதுவும் போய்விட்டது. எல்லோரும் சேப்பங்கிழங்குக் கூழைக் கரண்டி நுனியால் தொட்டு முகம் சுளிக்க, ஒருத்தி மட்டும் இரண்டு விரலால் வழித்து வழித்துக் கிண்ணத்தைக் காலி செய்துகொண்டிருந்தாள். உனக்கு மட்டும் இரண்டாம் கிண்ணம் வந்ததே, அனுப்பியது யார் என்று நினைத்தாய்?

உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். உன் அண்ணி பார்த்தாள். கூழ்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு, "இப்ப எழுதுங்க பாக்கலாம்" என்றாள். நம் பழங்கதைப்படி சேம்பு நமக்கெல்லாம் மூத்த அண்ணன், பாத்திரம் திறந்திருக்கும்போது அவன் காதில் சண்டை விழக்கூடாது என்று அப்பா நம் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னதுதானே. மூன்று பக்கமும் அடுப்புக்குப் போயிற்று.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். பாத்திரத்தை மூடிவிட்டுத்தான் கேட்கிறேன். அப்பாவுக்கு நீ என்றால் உயிர். நீ ஏன் வரவில்லை?

கமுவேலா


லாஸ் வேகஸ்
ஏப்ரல் 11, 1994

அன்பு அண்ணா,

இதற்குப் பயந்துதான் இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன்.

அப்பா போவதற்குப் பத்து நாள் முன்னால் போன் செய்தார். ஊரோடு வந்துவிடு என்ற பழைய பேச்சுதான். நான் வேலை முடிந்து அலுத்து வந்திருந்தேன். "அங்க என்ன இருக்குன்னு வரச் சொல்றீங்க?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "கொஞ்சம் இரும்மா, பாத்திரம் தெறந்திருக்கு. மூடிட்டு வந்து பேசறேன்" என்றார். போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பலகைத் தரையில் அவர் மெதுவாக நடந்து போவதும் கேட்டது.

அண்ணா, அவர் திரும்பி வருவதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.

நாளைக்குக் கூப்பிடலாம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பத்தாம் நாள் நீ கூப்பிட்டாய். எந்த முகத்தோடு வந்து அவரைப் பார்ப்பேன்? கையில் மூடியோடு அவர் நிற்பதுதான் எட்டு வருடமாக என் கண்ணில் இருக்கிறது.

மோமி


வையனாய், ஓவாஹு
மே 2, 1994

அன்புத் தங்கை மோமிக்கு,

உன் கடிதத்தை நானும் உன் அண்ணியும் இரண்டு தடவை படித்தோம். அழுதோம்.

அன்றைக்கு நானும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மூடியை எடுத்தார், மூடினார், போன் பக்கம் போனார். "லைன் போயிடுச்சு" என்றார். நீ கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்து பாத்திரத்தை மறுபடி திறந்து வைத்தார். "மூடுங்கப்பா, காஞ்சு போகும்" என்றேன். "இருக்கட்டும்டா. மோமி கூப்பிடுவா" என்றார்.

அந்தப் பத்து நாளும் எங்களை மூடவிடவில்லை. கூழ் மேலே காய்ந்து ஆடை கட்டும், தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி திறந்தே வைப்பார். வயதாகிவிட்டது, ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன். நீ கூப்பிடும்போது சண்டை வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தார் என்பது இப்போதுதான் புரிகிறது. அவர் உன்மேல் கோபத்தோடு போகவில்லை, மோமி.

ஜூலை 16 என் பேத்திக்கு முதல் பிறந்தநாள். நம் வீட்டுப் பின்னால், அப்பாவின் குழியில்தான் லூவாவ். மேஜை எண் கிடையாது, பாயில்தான் உட்கார வேண்டும். கை தட்ட ஆள் தேவையில்லை, குழியில் பரப்ப வாழைத்தண்டு நசுக்க ஆள் தேவை, அதனால் இரண்டு நாள் முன்னாலேயே வந்து சேர். டொலோரஸையும் கூட்டி வா. அந்த ஆள் யார் என்று அவளிடம் நீயே சொல்.

அத்தைமார் எல்லோரும் வருவார்கள். எட்டு வருடக் கேள்விகளை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். பயப்படாதே. நீ வாசலில் கால் வைக்கும் முன் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிடுகிறேன். நீ இருக்கும் வரைக்கும் மூடமாட்டேன், மூத்த அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

உன் இரண்டாவது அண்ணன்,
கமுவேலா