மூலைத் துண்டு

சித்திரை 20, ஞாயிறு.

டெட்ராய்ட்டிலிருந்து வந்திருக்கும் என் மகன் இன்று பீட்சா சுட்டான். கார் கம்பெனியில் திருகாணி போட்டுவைக்கிற சதுர இரும்புத் தட்டில்தான் அந்த ஊரில் சுடுவார்களாம். அப்படி ஒரு தட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். உத்தமபாளையம் ரொட்டிக்கடை அடுப்பில் வேகவைத்து எடுத்து வந்தான். ஓரமெல்லாம் சீஸ் வழிந்து கருகியிருந்தது.

"இந்தக் கருகுன மூலைக்குத்தான் அங்கன சண்டையே நடக்கும். எடுங்கத்தை" என்று முதல் மூலையைத் தன் மாமியாருக்குக் கொடுத்தான். மற்ற மூன்றும் பெண்டாட்டிக்கும் இரண்டு மச்சினன்களுக்கும். எனக்கு நடுத்துண்டு.

"ஒனக்குப் பல்லு ஏதாத்தா? இது மெத்துனு இருக்கும்."

"ஏலே, நேத்து நீ வாங்கியாந்த முறுக்க நான் எத வச்சுக் கடிச்சேன்?"

சம்பந்தியம்மாள் மென்றுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறக்கமாட்டேன்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மாமியார் எனக்குப் போட்டது அடிப்பிடித்த சட்டியில் சுரண்டிய காந்தல்தான். இவனை வயிற்றில் சுமந்தபோதும் அதுதான். இன்று காந்தலுக்கு மதிப்பு வந்ததும் அதுவும் எனக்கில்லை.

நடுத்துண்டு ஈர மாவாக மேலண்ணத்தில் ஒட்டியது. தட்டைக் கழுவ என்னிடம் விட்டுவிட்டு எல்லாரும் படுத்துவிட்டார்கள். மூலையில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டித் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லமாட்டேன்.