அண்ணன் சாவைச் சொல்ல வந்தவர்

ஞாயிறு, இரவு

காவலாளி வேலை என்று வெளிநாட்டுக்குப் போன அண்ணனைப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கூட இருந்ததாகச் சொல்லிச் சிகாமட் ஊர்க்காரர் ஒருவர் இன்று வீட்டுக்கு வந்தார்.

“குண்டு விழுந்துருச்சும்மா. நான்தான் பொதச்சேன்.”

அம்மா கதறினார். கிளம்பும்போது வந்தவர், “சரிம்மா, போயிட்டு வர்றேன்,” என்றார்.

சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பேசாமல் எழுந்து போவார்கள். அவரும் தமிழர்தானே? வாய் தவறியதா, அண்ணன் செத்ததை அவரே நம்பவில்லையா? நான் கேட்பதற்குள் அவர் போய்விட்டார்.

அப்புறம் இதை அம்மாவிடம் சொன்னதும் சீறினார். “படிப்ப பாதில விட்டவளுக்கு ரொம்பத் தெரியுமோ? சும்மா இருலா!”

நாளை அம்மா அண்ணன் படத்துக்கு மாலை போடப் போகிறாராம். போட்டுவிட்டால் அண்ணனை இனி யாரும் தேடமாட்டார்கள். படத்தைக் கழற்றி என் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.