எவர்சில்வர் டப்பாவில் பன்னிரண்டு ஃப்ளாப்பி

இன்று காலை பீரோவைத் திறந்தபோது, அந்துருண்டை வாசனையோடு உன் எவர்சில்வர் டப்பா கையில் தட்டுப்பட்டது. பட்டுப் புடவைகளுக்கு அடியில், நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. உள்ளே பன்னிரண்டு ஃப்ளாப்பி. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற வரிசை. வங்கிக்காரிக்கு வருஷம் வேறு எந்த மாதத்தில் தொடங்கும்? ஒவ்வொன்றிலும் அந்த மாதம்வரையிலான உன் வீட்டுக் கணக்கு முழுவதும், மேலே உன் குண்டு குண்டு எழுத்து. இவற்றைப் படிக்கிற கணினி இப்போது என் வீட்டில் இல்லை, இந்தத் தெருவிலேயே இருக்காது. ஆனாலும் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை.

உன்னை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! மாதக் கடைசி ஞாயிறு தவறாமல் ஆகுர்டியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, புனே ராஸ்தா பேட்டில் என் வீட்டுக்கு வருவாய். செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை, அந்த மாதத்து ஃப்ளாப்பியைப் பையிலிருந்து எடுத்து டப்பாவில் வைப்பது. "உன் வீட்டுப் பால் கணக்கைத் திருட எந்தத் திருடன்டி வரப் போறான்?" என்பேன். நீ அசர மாட்டாய்.

"ஒரு காப்பி வேற கட்டடத்துல இருக்கணும்டி. பிராஞ்சுக்கு ஒரு ரூலு, வீட்டுக்கு ஒரு ரூலா?"

தொண்ணூறுகளில் நம் கிளைக்குக் கணினி வந்தபோது நம் இருவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த விதி அது. நான் வங்கியைவிட்டு வெளியே வந்தால் விதியையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறவள். நீ வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனவள்.

தொண்ணூற்றாறில் உங்கள் வீட்டுக் கணக்கைக் கணினியில் எழுத ஆரம்பித்தது உன் வீட்டுக்காரர்தான். மென்பொருளைக் கொடுத்தது நான். தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டு, அன்றைய செலவை ஒன்று விடாமல் அடிப்பார். எதற்கான செலவு என்று எழுதுகிற கட்டத்துக்கு வங்கியில் நரேஷன் என்போம். ஒரு சொல்லில் முடிக்க வேண்டிய அந்தக் கட்டத்தில் அவர் மனதில் பட்டதையெல்லாம் எழுதுவார், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. தொண்ணூற்றொன்பதில் ஒரு காலை நெஞ்சு வலி என்றார், மத்தியானத்துக்குள் போய்விட்டார். உன் மகன் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். கணக்கை நீ தொடர்ந்து எழுதினாய்.

2007இல் உன் மகன் கராடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி விஷயமாக வெளிநாடு போய்த் திரும்பும்போது உனக்கு ஒரு மேக் வாங்கி வந்தான். பழைய விண்டோஸ் பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கணக்கை இதிலிருந்து அதற்கு மாற்றுகிற வேலையை நானே வலியப் போய் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெரிய நிபுணர் என்று நினைப்பு.

"மூணு மாசம் ரெண்டுலயும் எழுதிப் பாப்போம்டி," என்றாய். "பிராஞ்சுல லெட்ஜரையும் கம்ப்யூட்டரையும் சேத்து ஓட்டித்தானே அப்புறம் லெட்ஜரை மூடினோம்?"

"கம்ப்யூட்டர் கடையில தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஞாயித்துக்கிழமையோட முடியறது. அதுக்கப்பறம் இந்தப் பெட்டியைப் பழைய பேப்பர் வாங்கற ரத்திவாலாகூட எடுத்துக்க மாட்டான்," என்று உன்னை விரட்டினேன்.

மேக்கில் போட்ட புது மென்பொருள், பழைய கணக்கை வாங்கும்போது நடு நடுவே நின்றது. உன் வீட்டுக்காரர் நரேஷனில் அள்ளித் தெளித்திருந்த கமாக்கள்தான் அதற்குத் தொண்டையில் சிக்கின. ஒவ்வொன்றாகத் திருத்த எனக்குப் பொறுமை இல்லை. நரேஷன் கட்டத்துக்கு நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டு, மற்றதை மட்டும் அனுப்பினேன். நரேஷன் இல்லாவிட்டால் பேலன்ஸ் மாறிவிடுமா என்ன? சேமிப்புக் கணக்கு, வீட்டுக் கடன், கைச் செலவு, எல்லாம் பைசா சுத்தமாக டேலி ஆயின. டேலி ஆகிவிட்டால் வங்கிக்காரிக்கு வேலை முடிந்தது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். சாயந்திரமே பழைய பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"காசு பூரா வந்துருச்சுடி. அவரு வரலை."

உன் வீட்டுக்காரர் எழுதிய நரேஷன்களைத்தான் சொன்னாய். புனேயில் வளர்ந்த உன் மகனுக்குத் தமிழ் படிக்க வராது. அப்பா கையால் எழுதியது எது இருந்தாலும் அவனுக்கு அது வெறும் கோடு. ஆங்கில எழுத்தில் கிடந்த அந்த நரேஷன்களைத்தான் அவனால் வாய்விட்டுப் படித்து, அப்பா பேசுவதைக் கேட்க முடியும். அவனுக்காகத்தான் நீ அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாய். அதைத்தான் நான் ஒரு டிக்கை எடுத்து அழித்திருந்தேன்.

கடைக்கு ஓடினோம். "ஸப் சாஃப் கர் தியா, மேடம்," என்றார் கடைக்காரர், நல்ல சேதி சொல்கிறவர் போல. எல்லாவற்றையும் அழித்து, பெட்டியை விற்பனைக்குத் தயார் செய்து வைத்திருந்தார். திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் நான் அழுதேன். நீ உன் முந்தானையை என்னிடம் கொடுத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"உன் பீரோ சாவி எங்கடி இருக்கு?"

அப்போதுதான் எனக்கு டப்பா நினைவுக்கு வந்தது. உனக்கு முதலிலிருந்தே அது நினைவில் இருந்திருக்கிறது. புனே மழைக்கு ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று பிறகு சொன்னாய். என்னை உறுத்தியது வேறு. கணபதி பண்டிகைக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது அந்த டப்பாவைக் கையில் எடுத்து, எறியலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்ப வைத்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் கணினியில் அக்டோபர் ஃப்ளாப்பியைப் போட்டோம். கடகடவென்று அரைத்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது. செப்டம்பரும் அப்படியே. ஆகஸ்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். நீ அதை என் கையிலிருந்து வாங்கி, புடவையில் ஒரு தடவை துடைத்து, நீயே உள்ளே தள்ளினாய். திறந்தது. பதினோரு வருஷமும் வரி வரியாகத் திரையில் இறங்கின.

"ரெண்டு மாசந்தானே போச்சு? அது நான் எழுதினது. எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாய்.

அதன் பிறகு நீ செய்ததை நினைத்தால் இன்றும் உன் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. வேறு யாராக இருந்தாலும் என்னை அந்தக் கணக்குப் பக்கமே அண்டவிட்டிருக்க மாட்டார்கள். நீ என்னையே கூப்பிட்டாய். கமாக்களை ஒவ்வொன்றாகத் திருத்தி மறுபடி மேக்குக்கு அனுப்பினேன். பிறகு மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், கிளையில் செய்வது போலவே சரிபார்த்தோம். பழையதைக் காகிதத்தில் அச்சடித்து நான் உரக்கப் படிக்க வேண்டும், நீ மேக்கைப் பார்த்து டிக் சொல்ல வேண்டும்.

"குடை. இந்த வருஷத்துல மூணாவது."

"டிக்."

"பூ. மசூதிக்கு எதிர்க் கடை. மத்த கடையில முழம் சின்னது."

"டிக்."

"புடவை. நான் எடுத்தது. அவளுக்குப் பிடிக்கலை, சொல்ல மாட்டா."

"பொய்யி! பிடிச்சுத்தாண்டி இருந்துச்சு. பார்டர் மட்டுந்தான்..." என்று ஆரம்பித்து, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிக்" என்றாய்.

அவர் எழுதிய கடைசி வரிக்கு வந்தபோது நான் காகிதத்தைக் கீழே வைத்தேன். நீ திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "படிடி" என்றாய். படித்தேன். "பஞ்சர். திங்கக்கிழமை டயர் மாத்தணும்."

"மாத்திட்டேன். மறு மாசம் நாந்தான் மாத்தினேன்," என்று அவரிடமே சொன்னாய். பிறகு என்னைப் பார்த்து, "டிக். அடுத்தது?"

அடுத்த வரி பதினெட்டு நாள் கழித்து நீ எழுதியது. பால் என்று மட்டும் இருந்தது. அதற்கும் டிக் சொன்னாய். அப்படி ஒரு தைரியத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை, என்னிடம் நிச்சயமாக இல்லை.

நீ போய்ப் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று மத்தியானம் உன் மகன் வந்தான். செருப்பைக் கழற்றியதும் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

"ஆன்ட்டி, மன்த் எண்ட். மம்மி சொல்லிருக்காங்க, ஒரு காப்பி உங்க வீட்டுலதான் இருக்கணும்னு. கணக்கு இப்போ நான்தான் எழுதறேன்."

அவன் கிளம்பிப் போனதும் என் கணினியில் போட்டுப் பார்த்தேன். பல வருஷத்துச் செலவுகளைத் தாண்டிக் கடைசி வரிக்கு வந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். வங்கிப் பழக்கம் விடவில்லை, உரக்கவே படித்தேன்.

"பூ. அம்மா படத்துக்கு. அப்பா சொன்ன கடை. முழம் பெருசுதான்."

டிக் சொல்ல நீ இல்லை. நானே சொல்லிக்கொண்டேன். பென் டிரைவை உன் டப்பாவில் ஆகஸ்டுக்குப் பக்கத்தில் வைத்து, பீரோவைப் பூட்டினேன்.

அவரு வந்துட்டாருடி.