யானைக்குப் போட்ட மீதி ஊசி

மஹய்யாவ,
2025 செப்டெம்பர் 3

காற்றுக்கே மூச்சு வாங்க வைத்த எண்ணூறு மீட்டர் மகாராணி, நான் தூக்கி வளர்த்த மருமகள் பிரேமிளாவுக்கு,

நீ போனை அணைத்துவிட்டதால் தபால்காரருக்கு வேலை கொடுக்கிறேன். உன் சிறுநீரில் ஊக்கமருந்து இருந்ததாகப் பேப்பரில் வந்ததுமே கண்டியில் இரண்டு லட்சம் டாக்டர்கள் பிறந்துவிட்டார்கள். சலூன் வாசலில் கட்டியிருந்த உன் படத்தைக் கிழித்துச் சேற்றில் போட்டிருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடை இன்ஷாப் நானா, "என்ன சண்முகம், ஊசியிலயா புள்ள ஓடினிச்சு?" என்றார். கடையே சிரித்தது. நான் விடுவேனா? "நான்தான் போட்டேன். பெரஹரா ஊர்வலத்து யானைக்குப் போட்டதுல மீதி. புள்ள ஜெயிச்சிருச்சு, யானைதான் இன்னும் எழும்பல" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு ராஜநடையில் வெளியே வந்தேன்.

உன் மானம் காத்த மாவீரன்,
மாமா சண்முகநாதன்

கொழும்பு,
செப்டெம்பர் 14

மாமாவுக்கு,

நீங்கள் காத்த மானத்தை யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். "மாமாவே ஒப்புக்கொண்டார்" என்று நாடு முழுக்கப் பரவுகிறது. விசாரணையில் போட்டுக் காட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என் விடுதிக் கதவில் "கள்ளி" என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் எதையும் எடுக்கவில்லை. அன்றைக்கே எடுத்து வைத்த இரண்டாவது சிறுநீர் மாதிரியைப் பரிசோதிக்கக் கேட்டிருக்கிறேன். அதற்குள் சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்புங்கள். இரண்டே வரி. நீங்கள் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று முதல் வரி. நான் மருந்து எடுக்கிறவள் இல்லை என்று, என்னை வளர்த்த உங்களுக்குத் தெரியும் என்று இரண்டாவது. யானை வேண்டாம்.

பிரேமிளா

மஹய்யாவ,
செப்டெம்பர் 22

அன்பு மருமகளே,

சக்கரவர்த்தி போல வேட்டி கட்டிக்கொண்டு நீதவான் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பொடியன்கள் யானை மாதிரிப் பிளிறினார்கள். மலையே சரிந்தாலும் நான் அசைவேனா?

கடதாசி இதனுடன் இருக்கிறது. முதல் வரி எழுதியாயிற்று. இரண்டாவதில் பேனை நின்றுவிட்டது, புள்ள. நீ அங்கே, நான் இங்கே. கோச் என்ன கொடுக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? இந்த முறை நீ ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சத்தியம் என்றால் மனுசன் யோசிக்க மாட்டானா? எடுத்திருந்தாலும் நீ என் புள்ளதான். தீபாவளிக்கு வா. ஊரே திரண்டு வந்தாலும் வாசலில் நான் நிற்கிறேன்.

மாமா

கொழும்பு,
செப்டெம்பர் 30

திரு. சண்முகநாதன் அவர்களுக்கு,

கடதாசி கிடைத்தது. விசாரணையில் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் என்னை டீவியில் மட்டும் பார்த்தவர்கள். அவர்கள் திட்டினால் விளங்குகிறது.

தீபாவளிக்கு வரமாட்டேன். இரண்டாவது பரிசோதனையின் முடிவு நேற்று என் கைக்கு வந்துவிட்டது. இனி யாருடைய சத்தியமும் எனக்குத் தேவையில்லை. பேப்பரில் வரும். இன்ஷாப் நானா கடையில், ஊரோடு சேர்ந்து வாசித்துக்கொள்ளுங்கள்.

பிரேமிளா