அண்ணன் போட்ட நகக்கோடு

டிக்கோயா,
மேல்கணக்கு லயம்,
18 ஆகஸ்ட் 1962

கர்த்தருக்குள் பிரியமான ஞானசுந்தரி மதினிக்கு, உங்கள் நாத்தனார் பரிமளம் எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கக் கை வரவில்லை.

அண்ணன் இறந்த தந்தி என் கைக்கு வந்தபோதே அங்கே அடக்கம் முடிந்திருந்தது. பாஸ்போர்ட் இல்லாதவள் கடலைத் தாண்டி எப்படி வருவேன்? கூடப்பிறந்தவன் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கொழுந்துக்கூடையோடு மலையில் நின்றபடியே அழுதேன். கங்காணிகூட அன்றைக்கு என்னை அதட்டவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அழுவது அவிசுவாசம் என்று உங்கள் சபை மூப்பர் சொன்னாராம். நீங்களும் கண்ணீரை அடக்கிக்கொண்டு, வேதத்தையும் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்களாம். சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். அந்த மூப்பர் என் எதிரே இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன், எந்த அதிகாரத்தை எத்தனை தரம் படித்துவிட்டு அப்படிச் சொன்னீர்கள் என்று.

நாம் படித்த விதம் நினைவிருக்கிறதா மதினி? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்தில் நம் வீட்டு வாசலில், இரண்டு பேருக்கும் ஒரே பைபிள். முதல் தரம் பென்சிலைத் தொடக்கூடாது. இரண்டாம் தரம், மனசில் தைத்த இடத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. மூன்றாம் தரமும் அதே இடம் தைத்தால்தான் கோடு. நீங்கள் நீலம், நான் சிவப்பு. நான் அவசரப்பட்டுக் கோடு போட்டால், "என்ன பரிமளம், பெரட்டுல வேலைக்குப் பேர் கொடுக்க நேரமாச்சா" என்று கேலி செய்வீர்கள்.

நீங்களும் அண்ணனும் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அந்தப் பைபிள் யாருக்கு என்று முடிவாகவில்லை. நீங்க வச்சுக்கங்க, நீ வச்சுக்க என்று நாம் தள்ளிக்கொண்டே இருந்ததில் அண்ணன் பொறுமையிழந்தார். கவ்வாத்துக் கத்தியால் நடுவில் அறுத்து, சாக்குத் துணியில் இரண்டுக்கும் அட்டை தைத்துக் கொடுத்தார். பழைய ஏற்பாடு உங்களுக்கு, புதிய ஏற்பாடு எனக்கு. கத்தி கொஞ்சம் விலகி, மத்தேயுவின் முதல் தாள் உங்களோடு வந்துவிட்டது. அன்றைக்கு எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. இப்போது நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. முழுசாக உங்களிடமே கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய பக்கம் இங்கே என்னிடம் கிடக்கிறது.

அது லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுத இடம். அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஒருநாள் மட்டும், "அவருமா அழுதாரு? இன்னொருக்கா படி தங்கச்சி" என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு எந்த வரி என்று காட்டச் சொல்லி, தேயிலைக் கறை ஏறிய கட்டைவிரல் நகத்தால் அதன் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டார். "மூணு தரம் கேட்டாச்சில்ல, நானும் போடலாமில்ல" என்றார்.

உங்களுக்குப் பிள்ளை தங்காமல் போய், நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம் அது. உங்கள் முன்னால் கல் மாதிரி இருந்தாரே, அந்த மனுசன் கோடு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். நானும் சொல்லவில்லை. நிறமில்லாத கோடு, அதனால்தான் நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

நம் லயத்துச் சிவசாமி வருகிற வாரம் தலைமன்னார் கப்பலில் ஊருக்குப் போகிறார். என் பாதியை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பக்கத்தில் சிவப்பு நூல் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரியும், விரலால் தடவினாலும் தெரியும். இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேண்டியது எனக்கு மனப்பாடம்.

நம் முறைப்படியே படியுங்கள். மூன்றாம் தரம் படிக்கையில் அழுகை வந்தால் எந்த மூப்பருக்காகவும் அடக்காதீர்கள். கர்த்தர் உங்களைத் தேற்றுவார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் மதினி. மனசுக்குள் படிக்காமல் சத்தமாகப் படியுங்கள். அண்ணன் கேட்டே பழகியவர்.

உங்கள்
பரிமளம்