புதன்கிழமை ரொட்டி

என் தம்பி தங்கராசுக்கு, லிந்துலை மழைக்குள்ளிருந்து உன் மூத்தவள் எழுதுவது.

நீ போய் எட்டு வருடமாகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்கு வராவிட்டாலும், புதன்கிழமை காலையில் நோயாளிகளை ஏற்றிப்போகிற ஆஸ்பத்திரி லொறிக்கு ஆள் அனுப்புகிற வீடுகளுக்காவது போய்ச் சேரட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி சொல்கிறேன். நீ இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தகரம் மாற்றினார்கள். பழைய ஒழுக்கு போய்ப் புது ஒழுக்கு வந்திருக்கிறது. உன் கூட்டாளி சின்னையா, இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று காலையில் ஒன்று சொல்கிறான், மாலையில் ஒன்று சொல்கிறான். நீ போன அதே வருடம் அப்பா போனார்; அப்போதிருந்து அம்மா என்னோடு ஆஸ்பத்திரி குவாட்டர்ஸில் இருக்கிறாள்.

என் வேலை அதேதான். பல தேயிலைத் தோட்டங்களுக்கும் பொதுவான இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை மட்டும் சர்ஜன் வருவார். அவர் வயிற்றைப் பார்ப்பார். நான் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆளைத் தூங்கவைப்பேன். பெரிய ஊர்களில் இதற்கென்றே படித்த டாக்டர்கள் இருக்கிறார்களாம். இங்கே ஒரு நர்ஸ், ஒரு கம்பிவலை, அதன்மேல் நாலைந்து மடிப்புத் துணி, ஒரு ஈதர் போத்தல். மூக்கையும் வாயையும் மூடி வலையை வைத்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கூடினால் மூச்சு நின்றுவிடும். குறைந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

நம் மலைக் குளிரில் ஈதருக்கும் சோம்பல். சீக்கிரம் வேலை செய்யாது, வலையில் வெள்ளையாகப் பனி படிந்துவிடும். அது நெருப்புக் கண்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் கரிச்சட்டியையும் வெளியே வைத்துவிடுவோம். விறைத்த விரலால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாடியையும் கண்ணின் பாவையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நோயாளி இழுத்தது போக மிச்ச ஈதர் என் மூச்சுக்கு. புதன் சாயந்திரம் தலை பாறாங்கல் மாதிரி கனக்கும், சோறு இறங்காது. ஊரையே தூங்கவைக்கிறவளுக்குத் தூக்கம் இல்லையே என்று அட்டெண்டன் கேலி செய்கிறார். அசந்துபோயிருக்கிறேன், தம்பி. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

உன் புதன்கிழமைக்கு வருகிறேன். தோட்டத்தில் இரும்பு முள்ளால் குத்தி மண்ணைக் கிளறிக் கிளறி உனக்கு அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது. சின்ன ஆப்பரேஷன்தான். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது உன்னிடம் இரண்டு விஷயம் சொன்னேன். புதன்கிழமை காலையில் வாயில் எதுவும் படக்கூடாது என்பது ஒன்று. மற்றது உனக்கு ஞாபகம் இருக்கும்.

"ஆஸ்பத்திரியில என்னை அக்கான்னு கூப்புடாத. எல்லாரையும் போல மிஸின்னு கூப்புடு."

தலைமை நர்ஸுக்கு உறவு கொண்டாடுவது பிடிக்காது என்று உனக்குக் காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிற என்னை, லயத்திலிருந்து சாரத்தோடு வந்த ஒருத்தன் அக்கா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று எனக்கு வெட்கம். மீதிப் பாதி அது. நீ கோபப்படவில்லை. "சரிங்க மிஸி" என்று அப்போதே சொல்லிச் சிரித்தாய்.

சர்ஜன் யாழ்ப்பாணத்துக்காரர். கையைக் கழுவிக்கொண்டே, "பிள்ளை, வயிறு வெறுமையோ எண்டு கேட்டனீரே?" என்றார். நான் எல்லாரையும் கேட்பதைப் போலவே உன்னையும் கேட்டேன்.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க மிஸி."

"தேத்தண்ணி?"

"இல்லீங்க மிஸி."

உன் வாயோரம் ஒரு சிரிப்பு இருந்தது. சொன்ன பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிறான் என்று நினைத்தேன். வலையை வைத்து எண்ணச் சொன்னேன். பதினாலு வரை எண்ணினாய்.

பாதி வேலையில் உனக்குக் குமட்டியது. மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். ரொட்டி. தேங்காய்ப்பூ. வழிக்க வழிக்க வந்தது. நெஞ்சுக்குள் இறங்கியதை எடுக்க யாராலும் முடியவில்லை. நீ நீலம் பாய்ந்து போனாய்.

லயத்தில் இருதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். பொய் இல்லை, எல்லாருக்கும் கடைசியில் அதுதானே நிற்கிறது. நானும் அம்மாவிடம் அதையே சொன்னேன். நீ சுட்ட ரொட்டிதான் அவன் நெஞ்சை அடைத்தது என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. பக்கத்து ஊருக்குப் போகிறவனையே நம் வீடுகளில் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். கத்திக்குப் போகிறவனை அனுப்புவார்களா? சாப்பிட்டேன் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லொறி அடுத்த புதன்தான் வரும், அதற்கும் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று துரையிடம் மறுபடியும் அனுமதித் துண்டு வாங்க வேண்டும். ஆகவே ரொட்டியையும் தின்றுவிட்டு, இல்லீங்க என்றும் சொல்லிவிடுவார்கள். இது லயத்தில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொப்பி வைத்த பிறகு மறந்துபோயிருந்தது.

உனக்குப் பிறகு, சாப்பிட்டீங்களா என்று யாரையும் கேட்பதை விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, மழை, கொழுந்து, பிள்ளைகள் என்று பேசிவிட்டு, "இன்னைக்கு வீட்ல ரொட்டி யாரு சுட்டது?" என்பேன். கொட்டகலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்க மாமியாருதாங்க மிஸி. ரெண்டு குடுத்தாங்க. அவங்க ரொட்டிய மெல்லுறதுக்கே லீவு போடணும்" என்றாள். அவளைத் திருப்பி அனுப்பினேன். லொறி ஏறும்வரை என்னைத் திட்டினாள். திட்டுவதற்கு மூச்சு இருந்ததே, அது போதும்.

இனிப் போன புதன்கிழமை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை கீழிறங்கி எத்தனையோ வருடமாம். ஐந்து பெற்று, கூடை சுமந்த உடம்பு. வெட்கப்பட்டுக்கொண்டு துணியால் இறுக்கிக் கட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறாள். நடக்க முடியாமல் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். மயக்கம் கொடுக்க வேறு ஆள் கிடைக்குமா என்று நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தோம். யாருக்கும் ஒழிவில்லை. அதே மேசை, அதே ஸ்டூல், நான்.

காலையில் அவள் கட்டிலோரம் உட்கார்ந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கேட்க என்ன இருக்கிறது? ஆனாலும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"ரொட்டி யாரும்மா சுட்டது?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எட்டு வருசமா நம்ம வீட்ல புதன்கெழம ரொட்டி சுட்டு நீ பாத்திருக்கியாடி?"

பார்த்ததில்லை. புதன்கிழமை காலையில் எனக்கு வெறும் தேத்தண்ணிதான். அவள் அதுவும் குடிப்பதில்லை. ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்மா?"

"அவென் துணியத் தொவச்சது நான்தானே. சட்டையெல்லாம் தேங்காப்பூ." முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ கேட்டிருப்ப. அவென் இல்லேன்னிருப்பான். நான்தான் சொல்லிவிட்டேன். மிஸி கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் இல்லேன்னு சொல்லு, அக்கா கேட்டா மட்டும் சொல்லிருன்னு. அக்காகிட்ட ஏண்டா சொல்லாமப் போன?"

கடைசிக் கேள்வி என்னிடம் கேட்டதல்ல, உன்னிடம். ஆனால் பதில் என்னிடம்தான் இருந்தது, தங்கராசு. நான் உன்னிடம் அக்காவாகக் கேட்கவே இல்லை. நீ இரண்டு பேர் சொல்லையும் தட்டவில்லை. மிஸி என்று கூப்பிடச் சொன்னேன், கூப்பிட்டாய். மிஸியிடம் இல்லையென்று சொல்லச் சொன்னாள், சொன்னாய். இத்தனை சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளையாக ஏன்டா இருந்தாய்?

அம்மாவிடம் அதைச் சொல்ல அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை. சர்ஜன் வந்துவிட்டார். அம்மாவை மேசையில் படுக்கவைத்து வலையை எடுத்தேன். "எண்ணும்மா" என்றேன்.

"எண்ணிக்கையெல்லாம் எதுக்குடி? பேரச் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "பாக்கியம். காளிமுத்து. ராமாயி. பேரு வைக்காதது." ஒவ்வொன்றுக்கும் மூச்சு ஆழமாக இறங்கியது. "தங்கராசு" என்றாள். மறுபடியும் "தங்கராசு." அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து வார்டுக்குக் கொண்டுபோன பிறகு அவளுக்குக் குமட்டியது. ஈதருக்கு அது வழக்கம்தான். முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். வெறும் மஞ்சள் தண்ணி. அதைப் பார்த்துவிட்டு, வாளியைக் கையில் பிடித்தபடியே அழுதேன். தலைமை நர்ஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா கண் திறந்து, "முடிஞ்சிருச்சாடி?" என்றாள்.

இப்போது தேறிவருகிறாள். கஞ்சி குடிக்கிறாள். இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியை மாட்டுக்குக்கூட வைக்க மாட்டேன் என்கிறாள். இனிப் பயமில்லை.

இதைப் படிக்கிறவர்களே, புதன்கிழமை லொறிக்கு ஆள் அனுப்பினால் பாசத்தைச் சாயந்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறிக் கொடுத்துவிட்டால் என்னிடம் சொல்லச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினாலும், அடுத்த புதனுக்குத் துண்டு வாங்க நானே ஆபீஸுக்கு வருகிறேன். என் மேசைக்கு வருகிறவர்கள் என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இந்த வாரம் அட்டெண்டனிடம் சொல்லிவிட்டேன். முப்பது வருட சர்வீஸ்காரர், முதல் ஆளாக அவரே அக்கா என்று கூப்பிட்டுச் சிரித்தார்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும், இந்தக் கடிதத்தை நானே அவளுக்குப் படித்துக்காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் சொன்னதையும் விடாமல் படிப்பேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, தம்பி.

உன் அக்கா,
பாக்கியம்