நூற்றுப் பதினேழாம் பாட்டு

சலோமியக்காவுக்குத் தம்பி மாசிலாமணியின் ஸ்தோத்திரம். சுகர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

நம் ஊருக்குக் கரண்டு வந்து, பெரிய காற்றில் ரைஸ்மில் கூரை பறந்த வருஷம், சர்ச் திறப்புக்கு நாம் எட்டுப் பேர், ஆண்கள் ஓரடி பெண்கள் ஓரடியாக, பாட்டுப் புத்தகத்தின் நூற்றுப் பதினேழாம் பாட்டைப் பாடினோமே, அதனால் இங்கே ஒரு கூத்து நடந்துபோனது.

மதுக்கரை குடோனில் காவலுக்கு நின்றபோது வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. பயப்பட வேண்டாம், காந்திபுரம் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். புரட்டிப் படுக்கவைத்தபோது உயிர் போகிற வலி. கண்ணை மூடி அந்தப் பாட்டை முனகினேன். நர்ஸ் அம்மணி, "எத்தனைங்க தாத்தா? நம்பர் சொல்லுங்க" என்றது. பாட்டைத்தான் கேட்கிறதாக்கும் என்று, "நூத்திப் பதினேழு கண்ணு" என்றேன்.

"ஐயோ, பத்துக்குள்ள சொல்லோணுங்க! வலி எத்தனைன்னு கேட்டனுங்க!"

"வலிக்கு நம்பர் தெரியாது அம்மணி. பாட்டுக்குத்தான் தெரியும்."

வார்டே சிரித்தது. எழுத்தே அறியாத நான் ஐந்து சரணத்தையும் ஒரு சொல் விடாமல் பாடிக் காட்டினேன். இதை எழுதித் தருகிற பக்கத்துக் கட்டில் கிருபாசங்கரே சாட்சி. பாடி முடிக்கும்வரை கர்த்தர் கட்டிலோரம் நின்றார், அக்கா. வலி இருந்தது, ஆனால் என்னை அசைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். நீங்கள் பஸ் ஏறி அலைய வேண்டாம். என் ஸ்வெட்டரை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தபடியே பாடுங்கள். மயக்க மருந்து ஏறும்வரை ஆண்கள் அடியை நான் பாடிவிடுவேன். பெண்கள் அடி பாடிய நால்வரில் ரூத்து, எஸ்தர், மரியபாக்கியம் போய்விட்டார்கள். மிச்சம் சலோமியக்கா மட்டும்தான்.